டிரங்க் லைனில் போட்ட திட்டம்

ஆரணி தபாலாபீசுக்குப் பின்கட்டில், மாடியில் இருந்தது டெலிபோன் எக்சேஞ்ச். எழுபத்திரண்டாம் வருஷம் அமலி அங்கே ஆபரேட்டராகச் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. வேலூரில் பயிற்சி முடித்துவிட்டு வந்து, முதல் நாள் தலையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஸ்விட்ச்போர்டின் முன்னால் உட்கார்ந்தவள், அதற்குப் பிறகு பதினைந்து வருஷம் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை என்றே சொல்லலாம்.

அப்போதெல்லாம் ஊரில் போன் வைத்திருந்தவர்கள் பட்டு வியாபாரிகள், அரிசி ஆலைக்காரர்கள், இரண்டு மூன்று டாக்டர்கள். யார் ரிசீவரை எடுத்தாலும் போர்டில் ஒரு சின்ன விளக்கு எரியும். அமலி முனையில் பிளக் வைத்த கயிற்றை அதன் துளையில் சொருகி, "நம்பர் சொல்லுங்க" என்பாள். ஊருக்குள்ளேயே பேசுவதென்றால் உடனே இணைத்துவிடுவாள். வெளியூர் என்றால் டிரங்க் கால் பதிய வேண்டும், காத்திருக்க வேண்டும். மெட்ராசுக்குப் பதிந்தவர்கள் நிறைய நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும். அவர்களுடைய கோபமெல்லாம் அமலியின் காதில்தான் வந்து விழும். அவள் ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை.

அதனால் ஊரில் பெரிய மனிதர்கள் எல்லோருக்கும் அவள் குரலைத் தெரியும். முகத்தைத்தான் தெரியாது. மார்க்கெட்டில் நின்றுகொண்டு "முருங்கைக்காய் இருக்குதாங்க?" என்று அவள் கேட்டால், பக்கத்தில் நிற்பவர் சட்டென்று திரும்பி, "நீங்க எக்சேஞ்சு அம்மாவா?" என்பார். அமலி தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவாள். கயிறும் போர்டும் இல்லாமல் மனிதர்களிடம் எப்படிப் பேசுவதென்று அவளுக்குத் தெரியாது.

மாதா கோயிலை ஒட்டிய தெருவில் அவளும் அம்மா அமலோற்பவமும் மட்டும் இருந்தார்கள். அப்பா ஜோசப்ராஜ் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவர். அமலி பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே இறந்துவிட்டார். அக்காளைப் பக்கத்து ஊரான சேத்துப்பட்டில் கட்டிக் கொடுத்திருந்தது. வீட்டில் ஒரு ரேடியோ இருந்தது. அதில் கச்சேரி ஒலிபரப்பாகும் நேரமும் அம்மா ஜெபமாலை சொல்லும் நேரமும் ஒன்றாக இருந்ததால், அமலி ரேடியோவைச் சத்தம் குறைத்து வைத்து, காதை அதன் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துக்கொண்டு கேட்பாள். பாட்டு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. கோயில் பாடகர் குழுவில்கூட அவள் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்பவள்தான். ராகத்தின் பெயர் எதுவும் தெரியாது. ஆனால் போன வாரம் கேட்டது இந்த வாரம் வேறு யாரோ பாடி வந்தால், இது அதுதான் என்று தெரிந்துவிடும். தெரிந்துகொண்ட சந்தோஷத்தை யாரிடமும் சொல்ல வழியில்லை.

எழுபத்துநான்காம் வருஷம் மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், பட்டு வியாபாரி பலராமன் தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடைக்குக் கால் பதிந்திருந்தார். மெட்ராஸ் ஆபரேட்டர் அந்தக் கடையின் நம்பருக்காகக் காத்திருந்தாள். லைன் திறந்திருந்தது. அந்தப் பக்கத்துப் பெண் தன்னை மறந்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அமலிக்கு உடம்பு சிலிர்த்தது. முந்தின நாள் ரேடியோவில் கேட்டதே அது. கேட்பதா வேண்டாமா என்று தயங்கிவிட்டுக் கேட்டாள்.

"நேத்து ரேடியோவுல வந்ததுங்களா அது?"

அந்தப் பக்கம் முணுமுணுப்பு நின்றது. பிறகு ஒரு சிரிப்பு.

"லைன் தொறந்தா கீது? நான் பாட்டுக்குப் பாடிகினு கீறேன். ஆரணிதானே நீ? ஆரணியில பட்டு நெய்வாங்கன்னுதான் கேள்விப்பட்டுக்கீறேன். பாட்டும் கேப்பீங்களா?"

அமலி பதில் சொல்வதற்குள் கடைக்காரர் லைனில் வந்துவிட்டார். பலராமனை இணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தவளுக்கு அன்று சாயங்காலம் வரை முகத்தில் சிரிப்பு மாறவில்லை.

அப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு நம்பருக்கும் இன்னொரு நம்பருக்கும் இடையில் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் இரண்டு வார்த்தை. ஆபரேட்டர்கள் சொந்தப் பேச்சு பேசக்கூடாது என்பது விதி. சூப்பர்வைசர் இராஜமாணிக்கத்துக்கு அது தெரியும், அமலிக்கும் தெரியும். பேச்சு கொஞ்சம் நீண்டுவிட்டால் அவர் பின்னாலிருந்து ஒரு முறை இருமுவார். அதற்குமேல் எதுவும் சொன்னதில்லை.

லைனில் ஆபரேட்டர்கள் ஒருவரையொருவர் ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்வது வழக்கம். அவள் இவளை 'ஆரணி' என்பாள். இவள் அவளை 'மெட்ராஸ்' என்பாள். கிட்டத்தட்ட ஒரு வருஷம் அப்படியே போனது. ஒரு நாள் மெட்ராஸ் லைனில் வேறு ஒரு குரல், "பூங்காவனம் இன்னிக்கு லீவு" என்று சொல்லித்தான் அமலிக்கு அந்தப் பெயரே தெரிய வந்தது. மறுநாள் முதல் 'பூங்காவனக்கா' என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

பூங்காவனம் அவளைவிடப் பத்து வயது மூத்தவள். அயனாவரத்தில் வீடு. கணவருக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை, இரண்டு பெண்கள். பாட்டென்றால் அவளுக்குப் பைத்தியம். டிசம்பர் மாதம் மெட்ராசில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஒரு சபா, எந்தச் சபாவில் நுழைந்தாலும் ஒரு கச்சேரி என்பாள். காலை ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேராக மயிலாப்பூருக்கு பஸ் ஏறிவிடுவாளாம். மத்தியானக் கச்சேரிகளுக்கு டிக்கெட் கிடையாது. பாடுவதெல்லாம் சின்ன வயசுப் பிள்ளைகள். யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம்.

"ரேடியோவுல பாட்டு மட்டுந்தான் வரும், ஆரணி. நேர்ல போனா பாடறவங்க மூச்சு வாங்கறதுகூட கேக்கும். வயலின்காரரு நல்லா வாசிச்சா பாடறவரு திரும்பிப் பாத்து ஒரு சிரிப்பு சிரிப்பாரு. அத எந்த ரேடியோவுல போடுவான்? இந்த டிசம்பர்ல வா. நான் உன்ன இட்டுகினு போறேன்."

அமலி அதுவரை மெட்ராசைப் பார்த்ததே இல்லை. அந்த வருஷமே போய்விடுவது என்று தீர்மானித்தாள்.

அவள் தீர்மானித்தபடி நடக்கவில்லை. கச்சேரிக் காலம் என்பது அப்படியே கிறிஸ்மஸ் காலம். சேத்துப்பட்டிலிருந்து அக்காள் குடும்பத்தோடு வருவாள். வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும், குடில் கட்ட வேண்டும், முறுக்கு சுட வேண்டும். அமலி மெதுவாகப் பேச்செடுத்தபோது அம்மாவுக்கு முதலில் புரியவே இல்லை. யாருக்குக் கல்யாணம், யார் வீட்டுக்குப் போகிறாய் என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். பாட்டுக் கேட்பதற்காக ஒருத்தி ஊர்விட்டு ஊர் போவாள் என்பதே அவள் கணக்கில் இல்லாத விஷயம். அதற்கு அடுத்த வருஷம் லீவு கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் அக்காளுக்குப் பிரசவம்.

ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் மழைக்காலம் வந்ததும் திட்டம் புதிதாக ஆரம்பிக்கும். செய்யாறு வழியாக வரும் பஸ்ஸில் ஏறினால் பாரிஸ் கார்னரில் இறங்கலாம். இறங்கினதும் யாரிடமும் வழி கேட்காதே, நேராகப் பாலத்துப் பக்கம் நட, மயிலாப்பூர் பஸ் அங்கே நிற்கும். சாயங்காலத்தில் பனி விழும், போர்த்திக்கொள்ள ஒரு துப்பட்டா எடுத்துக்கொள். சபா கேண்டீனில் கூட்டம் அதிகம் என்பதால் இடைவேளைக்கு முன்பே எழுந்து போய்விட வேண்டும். இதையெல்லாம் பூங்காவனம் துண்டு துண்டாகச் சொல்லுவாள். நடுவில் யாராவது நம்பர் கேட்டால் அப்படியே நிற்கும். மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரும். சில வருஷங்களில் மயிலாப்பூர்க் குளத்தைச் சுற்றியுள்ள தெருக்களைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுகிற அளவுக்கு அமலிக்குத் தெரிந்துபோனது. ஆரணிக் கோட்டைப் பக்கம்கூட அவளுக்கு அவ்வளவு பழக்கமில்லை.

இடையில் ஒரு வரன் வந்தது. பெரணமல்லூர்ப் பக்கத்திலிருந்து, மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அம்மா, பெண்ணுக்குப் பாடத் தெரியுமா என்று கேட்டாள்.

"கேக்கத் தெரியுங்க" என்றாள் அமலி.

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார். அது நல்ல சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகு, கல்யாணத்துக்கு அப்புறம் வேலையை விட்டுவிட வேண்டும் என்று அவர்கள் சொன்னார்கள். அம்மா அதற்குச் சரி சொல்லத் தயாராக இருந்தாள். அமலி முடியாது என்றுவிட்டாள். மறுநாள் போர்டில் உட்கார்ந்ததும் முதல் வேலையாகப் பூங்காவனத்திடம் சொன்னாள்.

"சரியாத்தான் சொன்னியா, இல்ல தப்பா சொல்லிட்டியான்னு எனக்குத் தெரியல, அமலி" என்றாள் பூங்காவனம். முதல் முறையாக அன்றுதான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

அதற்கப்புறம் வரன்கள் வரவில்லை. வந்தாலும் இரண்டாம் தாரமாகக் கேட்டார்கள்.

எழுபத்தொன்பதில் எல்லாம் கூடி வந்தது. லீவு கிடைத்தது. அக்காள் அந்தக் கிறிஸ்மசுக்குத் தன் மாமியார் வீட்டிலேயே இருக்கப் போவதாகச் சொல்லிவிட்டாள். அம்மாவும், போய்த் தொலை, ரெண்டு நாளில் வந்துவிடு என்றாள். பையில் துணியெல்லாம் எடுத்து வைத்தாயிற்று. கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. வேலூர் ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் வைத்திருந்து பார்த்தார்கள். அதற்குப் பிறகு அம்மா எழுந்து நடக்கவே இல்லை.

ஆறு வருஷத்துக்கு மேல் அமலிக்கு வீடு, எக்சேஞ்ச், வீடு என்றே போனது. அவள் வேலைக்குப் போகும் நேரத்தில் எதிர்வீட்டு முனியம்மாள் வந்து அம்மாவுக்குத் துணையாக இருப்பாள். அமலி வந்ததும் எழுந்து போய்விடுவாள். அந்த வருஷங்களில் அவள் மெட்ராசுக்குப் போவதைப் பற்றிப் பூங்காவனம் பேசவில்லை. பதிலாக, டிசம்பர் வந்தால் தான் போய்க் கேட்டதையெல்லாம் சொன்னாள். நேற்று ஒரு பெண் பாடினாள், பதினாறு வயதுகூட இருக்காது, மேல்ஸ்தாயியில் போய் நின்றாள் பார், பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவர் அழுதுவிட்டார் என்பாள். அமலி கையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள். கேட்டதை வீட்டுக்குக் கொண்டுபோய், அம்மாவுக்குச் சாதம் ஊட்டும்போது மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பாள்.

கடைசிக் காலத்தில் ஒரு நாள், ரேடியோவில் காதை வைத்துக்கொண்டிருந்த மகளைப் பார்த்து அம்மா, "ஏன் அப்படி ஒட்டிகினு ஒக்காந்துகினு கீற? கொஞ்சம் சத்தமா வை. எனக்கும் கேக்கட்டும்" என்றாள். இருவரும் கேட்டார்கள். பாட்டு முடிந்ததும் அம்மா, இதில் அழுவதற்கு என்ன இருக்கிறது என்றாள். தான் அழுதுகொண்டிருந்தது அமலிக்கு அப்போதுதான் தெரிந்தது.

எண்பத்தாறாம் வருஷம் தவக்காலத்தில் அம்மா போய்விட்டாள். அக்காள், வீட்டைப் பூட்டிக்கொண்டு சேத்துப்பட்டுக்கே வந்துவிடு, அங்கேயிருந்து வேலைக்குப் போகலாம் என்றாள். அமலி போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும் அங்கே போவாள். அக்காள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, பிள்ளைகளின் சண்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடுவாள். வீட்டுக்குள் வந்ததும் ரேடியோவைச் சத்தமாக வைப்பாள். இப்போது யாருக்கும் தொந்தரவில்லை. ஆனால் அவ்வளவு சத்தத்தில் கேட்பது பழக்கமில்லாததால் கொஞ்ச நேரத்தில் குறைத்துவிடுவாள்.

அடுத்த வருஷம் எக்சேஞ்சை ஆட்டோமேட்டிக் ஆக்கினார்கள். கீழே ஒரு புது ஹால் கட்டி, பீரோ பீரோவாக இயந்திரங்களை நிறுத்தினார்கள். இனி யார் வேண்டுமானாலும் தானே விரலால் சுழற்றி மெட்ராசைக் கூப்பிடலாம். மேலே இருந்த போர்டைக் கழற்ற நாள் குறித்துவிட்டார்கள். அமலிக்குக் கீழே கவுண்டரில் வேலை போட்டிருந்தார்கள். கடைசி நாள் அன்று பலராமன் கூப்பிட்டு, "இனிமே நானேதான் சுத்திக்கணுமாம்மா?" என்று கேட்டார். ஆமாங்க என்றாள். அவருக்கு அது பிடிக்கவில்லை என்று குரலிலேயே தெரிந்தது.

அன்று மத்தியானம் அவளே மெட்ராஸ் லைனைக் கூப்பிட்டாள். இராஜமாணிக்கம் எழுந்து டீ குடிக்கப் போகிறவர்போல வெளியே போய்விட்டார்.

"இந்த டிசம்பர்ல நான் வரேங்க்கா" என்றாள் அமலி. "எனக்கு இப்ப யாரும் இல்ல. யாரும் தடுக்க மாட்டாங்க."

"அப்படிச் சொல்லாத. நான் இல்லியா?" என்றாள் பூங்காவனம்.

இருவரும் நாள் குறித்தார்கள். கிறிஸ்மசுக்கு முந்தின நாள், வியாழக்கிழமை. பூங்காவனம் காலை ஷிப்ட் வாங்கிக்கொள்வாள். அமலி முந்தின நாளே வந்து மயிலாப்பூரில் இருக்கும் கன்னியர் மடத்தில் தங்குவாள். அதற்கு ஆரணிப் பங்குச் சாமியார் சொல்லி வைப்பார். மத்தியானக் கச்சேரிக்கு முன்னால் இருவரும் சபா வாசலில் சந்திக்க வேண்டும். எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது என்று அமலி கேட்டாள். ஒரு தரம் வாயைத் திறந்து பேசு, போதும் என்று பூங்காவனம் சிரித்தாள்.

கிளம்புவதற்கு முன் அமலி பலராமனின் கடைக்குப் போய் அரக்கு நிறத்தில் ஒரு பட்டுப்புடவை எடுத்தாள். பிறந்ததிலிருந்து பட்டு ஊரில் இருந்தும் அவளுக்கென்று ஒரு பட்டுப்புடவை அதுவரை இல்லை. பதினைந்து வருஷமாகத் தினமும் பேசிய குரலுக்கு உரியவளைப் பலராமன் அன்றுதான் நேரில் பார்த்தார். என்ன விசேஷம் என்று கேட்டார். மெட்ராஸ் போகிறேன் என்று மட்டும் சொன்னாள்.

மெட்ராஸ் அவள் நினைத்துவைத்திருந்த மாதிரி இல்லை. பாரிஸ் கார்னரில் இறங்கியதும் கூட்டம் அவளைத் தள்ளிக்கொண்டே போனது. ஆனாலும் யாரிடமும் கேட்காமல், பூங்காவனம் சொன்னபடியே போய் பஸ் ஏறி, மயிலாப்பூர்க் குளத்தருகே இறங்கினாள். மடத்துச் சிஸ்டர் அவளுக்கு ஒரு சின்ன அறையைக் காட்டினார். முகம் கழுவிவிட்டு, நாளைக்கு வழி தெரியாமல் திண்டாடக் கூடாதென்று சபா இருக்கும் இடத்தைப் பார்த்துவரக் கிளம்பினாள்.

சபா அங்கிருந்து ரொம்ப தூரமில்லை. வாசலில் கார்கள் நின்றன. பந்தல் போட்டு, பல்பு கட்டியிருந்தார்கள். கேண்டீனிலிருந்து நெய் வாசனை வந்தது. உள்ளே கச்சேரி நடந்துகொண்டிருந்தது. அமலி மதில் ஓரமாக நின்றாள். மிருதங்கம் நன்றாகக் கேட்டது. குரல் காற்றடிக்கும்போது வரும், பிறகு போய்விடும். ஒரு தரம் உள்ளே எல்லோரும் ஒன்றாகக் கைதட்டினார்கள். எதற்கென்று தெரியவில்லை. கதவருகே நின்ற வேட்டி கட்டிய ஒருவர் அவளைப் பார்த்துவிட்டு, "உள்ள போங்கம்மா, பின்னால எடம் இருக்கு" என்றார்.

அமலி, வேண்டாங்க, நாளைக்கு வருவோம் என்றாள். முதல் தரம் உள்ளே காலெடுத்து வைப்பது பூங்காவனத்தோடுதான் என்று அவள் மனசுக்குள் எப்போதோ முடிவாகியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு அறைக்குத் திரும்பினாள். அன்றைக்கு அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள்.

காலையில் சிஸ்டர் வந்து கதவைத் தட்டினார். முதலமைச்சர் காலமாகிவிட்டார் என்றார். யாரும் வெளியே போக வேண்டாம், கேட்டைப் பூட்டப்போகிறோம்.

ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெருவில் ஒரு கடை திறக்கவில்லை. பஸ் இல்லை. ஆட்கள் கூட்டம் கூட்டமாக ஓடினார்கள். சிலர் நடுரோட்டில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். எங்கேயோ கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது. ரேடியோவில் சோக இசை மட்டும் வந்துகொண்டிருந்தது. சபாக்கள் எல்லாம் கச்சேரிகளை நிறுத்திவிட்டதாகச் சமையல்கார அம்மா சொன்னாள். இருந்தும் அமலி, மத்தியானம் ஆனதும் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ஒருவேளை பூங்காவனம் எப்படியாவது வந்து வாசலில் நின்றால்? கேட்டைத் திறந்துவிடச் சொல்லி சிஸ்டரிடம் கேட்டாள். சிஸ்டர் அவள் புடவையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். முடியாது என்று சொல்லாமல், அவள் கையைப் பிடித்து ஆபீஸ் அறைக்கு அழைத்துப்போய், அங்கேயிருந்த போனைக் காட்டினார்.

டயலைச் சுழற்றினாள். டிரங்க் எக்சேஞ்ச் நம்பர் கிடைக்கவே இல்லை. ஊரே போனில் இருந்தது. சாயங்காலம் வரை விடாமல் சுழற்றினாள். விரல் வலித்தது. கடைசியில் ஒரு பெண் குரல் எடுத்தது. ஆரணி ஆபரேட்டர் பேசுகிறேன், பூங்காவனம் இருக்காங்களா என்று கேட்டாள். பழைய வேலையின் பெயரை அவள் சொன்னதும் அந்தப் பெண் மறுபேச்சில்லாமல் லைனை மாற்றிக் கொடுத்தாள்.

"எங்க கீற நீ?" என்றாள் பூங்காவனம். குரல் கட்டிப்போயிருந்தது.

"மடத்துலதாங்க்கா. மயிலாப்பூர்ல."

"பத்திரமா கீறியா? அது போதும். நான் காலையில வந்தவ. மாத்தி விட ஆள் வரல, பஸ் இல்ல. எத்தினி ஊரு, எத்தினி லைனு. எல்லாரும் அழுதுகினே பேசறாங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "பதிமூணு வருஷம் ஆச்சு. ஒரே ஊர்ல கீறோம். இப்பவும் போன்லதான் பேசிகினு கீறோம் பாரு."

பூங்காவனம், நேற்றாவது எங்கேயாவது போனாயா என்று கேட்டாள்.

"சபாவுக்குப் போனேங்க்கா. வெளிய நின்னு கொஞ்ச நேரம் கேட்டேன்."

"உள்ள போவலியா? ஏன் போவல?"

"உங்ககூட போலாம்னு."

அந்தப் பக்கத்தில் எத்தனையோ குரல்கள் கலந்து கேட்டன. அதற்கு நடுவே பூங்காவனம் மூச்சு விடுவது கேட்டது. அவள் ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் யாரோ அவளை அதட்டிக் கூப்பிட்டார்கள். இருக்கிறேன், இருக்கிறேன் என்று அவர்களுக்குப் பதில் சொன்னாள்.

"சாப்பிட்டீங்களாக்கா?" என்றாள் அமலி.

"இன்னும் இல்ல. சாப்பிடறேன். நீ ஜாக்கிரதையா இரு" என்றாள் பூங்காவனம். லைன் போய்விட்டது.

மறுநாள் கிறிஸ்மஸ் பூசையை மடத்துச் சிற்றாலயத்துக்குள்ளேயே வைத்தார்கள். ஆர்மோனியம் வாசிக்கவில்லை. அதற்கடுத்த நாட்களில் ஊர் மெல்ல அடங்கியது. பஸ் ஓடத் தொடங்கிய அன்றே அமலி பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். இன்னும் இரண்டு நாள் இருந்திருந்தால் பூங்காவனத்தைப் பார்த்திருக்கலாம். ஒரு கச்சேரிகூடக் கேட்டிருக்கலாம். லீவும் பாக்கி இருந்தது. ஏன் அப்படித் திரும்பினோம் என்று பிற்பாடு அவளாலேயே சொல்ல முடியவில்லை. இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

பிறகு அவர்கள் பேசிக்கொண்டது குறைந்துபோனது. கவுண்டரில் இருந்த போனில் அமலி எப்போதாவது கூப்பிடுவாள். ஆனால் நம்பருக்குக் காத்திருக்கும் நேரத்தில் பேசுவதும், பேசுவதற்கென்றே கூப்பிட்டுப் பேசுவதும் வேறு வேறு. கூப்பிட்டுவிட்டு இருவருக்கும் என்ன சொல்வதென்று தெரியாமல் போகும். உடம்பு எப்படி இருக்கு, பொண்ணுங்க எப்படி இருக்காங்க என்பதோடு முடிந்துவிடும். அடுத்த டிசம்பரில், ஜாம்ஷெட்பூரில் கட்டிக் கொடுத்திருந்த மூத்த பெண்ணுக்குத் தலைப்பிரசவம் என்று பூங்காவனம் அங்கே போய்விட்டாள். போனவள் வேலையையும் விட்டுவிட்டு அங்கேயே தங்க வேண்டியதாயிற்று. கணவரும் ரிட்டயர் ஆகி, அயனாவரம் வீட்டைக் காலி செய்துகொண்டு அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார். அவ்வளவு தூரத்துக்குக் கூப்பிட அமலிக்கு நம்பர் தெரியாது. பூங்காவனமும் கூப்பிடவில்லை.

எண்பத்தொன்பதாம் வருஷம் டிசம்பரில் அமலி யாரிடமும் சொல்லாமல் காலை முதல் பஸ்ஸில் கிளம்பி மெட்ராசுக்குப் போனாள். அதே சபா. வாசலில் நிற்காமல் நேராக உள்ளே போய், பின்வரிசைக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்தாள். கூட்டம் அதிகமில்லை. பாடியது ஒரு சின்னப் பெண். தொடக்கத்தில் பயந்துபோயிருந்தாள், ஒரு இடத்தில் வரியை மறந்துவிட்டு வயலின்காரரைப் பார்த்தாள். அவர் அந்த இடத்தை வாசித்து நிரப்பிக் கொடுத்தார். அப்புறம் அந்தப் பெண் தைரியமாகப் பாடினாள். மூச்சு வாங்குவது கேட்டது. தம்புரா போடும் பெண் கொட்டாவியை அடக்கிக்கொண்டது தெரிந்தது. நடுவில் ஒரு ராகத்தை எடுத்தபோது, இது தெரியும், இது தெரியும் என்று அமலிக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அதற்கடுத்த நாற்காலியில் இருந்த பெரியவர் கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். சொல்வதற்கு ஆளில்லை. அமலி கைகளை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரைக்கும் கேட்டாள்.

கேண்டீனில் ஒரு காப்பி குடித்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். ஆரணி வழியாகப் போகும் போளூர் பஸ்ஸில் ஜன்னலோரமாக இடம் கிடைத்தது. பக்கத்தில் அவள் வயதுக்காரி ஒருத்தி, மடியில் பெரிய மூட்டையோடு வந்து உட்கார்ந்தாள். பூந்தமல்லி தாண்டியதும் அவள் பேச்சுக் கொடுத்தாள். எந்த ஊர், எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்றாள்.

"ஆரணிங்க. பாட்டு கேட்டுட்டு வரேன்" என்றாள் அமலி.

"யாரு வூட்டுக் கல்யாணம்?"

"கல்யாணம் இல்லீங்க. சும்மா பாட்டு. ஒரு பொண்ணு பாடுச்சு."

"உங்க பொண்ணா?"

இல்லை என்றாள் அமலி. யாரோ பெற்ற பிள்ளை என்றாள். முதலில் பயந்தது, பிறகு நன்றாகப் பாடியது என்று சொல்ல ஆரம்பித்தாள். அந்த அம்மாள் இரண்டு மூன்று தரம் 'உம்' கொட்டினாள். ஸ்ரீபெரும்புதூர் வருவதற்குள் அவளுக்குத் தலை தொங்கிவிட்டது. அமலி கொஞ்ச நேரம் மெதுவான குரலில் சொல்லிக்கொண்டே வந்தாள், வயலின்காரர் எப்படி அந்த இடத்தை நிரப்பினார் என்கிற வரைக்கும். பிறகு நிறுத்திக்கொண்டு, காற்று அந்த அம்மாள் முகத்தில் அடிக்காதபடி ஜன்னல் கண்ணாடியை இழுத்து விட்டாள்.